‘கெட்’ பிடிபடாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வேலை செய்யும் இளைஞர்களுக்கும், சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களுக்கும் மாலை வேளைகளில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். திருத்துவதற்காக என்னிடம் வரும் வசனங்களில் பெரும்பாலும் பழுதாகிக் கிடப்பது நீண்ட, கடினமான சொற்கள் அல்ல. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளில் எழுதப்படும் ‘கெட்’ என்ற வினைதான். அதே பழுதைத் திரும்பத் திரும்பத் திருத்தியதில் சேர்ந்த குறிப்புகளை அறிகுறி வாரியாக இங்கே தருகிறேன். முழுவதையும் வாசிக்க வேண்டிய தேவையில்லை. உங்கள் வசனத்தில் தெரியும் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேரே செல்லலாம்.

எந்தத் தலைப்புக்குப் போவதற்கு முன்னும் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். ‘கெட்’டின் மேல் விரலை வைத்து மூடிவிட்டு, அதற்கு அடுத்து நிற்கும் சொல்லைப் பாருங்கள். நாம் கோலம் போடுகிறோம், தேநீர் போடுகிறோம், சண்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம். ‘போடு’ என்பதற்கு மட்டும் பொருள் சொல் என்று ஒருவர் கேட்டால் நமக்கும் வாய் அடைத்துவிடும். தமிழில் பொருளைத் தாங்கும் சொல் வினைக்கு முன்னால் நிற்கிறது, ஆங்கிலத்தில் பின்னால் நிற்கிறது. நம் கண் முன்னால் தேடியே பழகியிருப்பதுதான் பாதிக் கோளாறுக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

அறிகுறி 1: ‘பெறு’ என்று பொருள் வைத்தால் வசனம் நிற்கவில்லை

முதற்காரணம் எளிமையானது. பாடசாலையில் முதன்முதலாக மனனம் செய்த ‘பெறு’ என்ற ஒரே பொருளை எல்லா இடத்திலும் பொருத்திப் பார்க்கிறீர்கள். விரல் சோதனையைச் செய்து, பின்வரும் கிளைகளில் எது உங்களுடையது என்று பாருங்கள்.

அடுத்து நிற்பது ஒரு பொருளின் பெயர் என்றால்: ‘ஐ கொட் எ லெட்டர்’ என்பது கடிதம் கிடைத்தது, ‘ஐ கொட் எ ஷர்ட் இன் டவுன்’ என்பது டவுனில் சட்டை வாங்கினேன், ‘கெட் த கீ’ என்பது சாவியை எடுத்து வா. நோயின் பெயர் நின்றால் அது தொற்றியது என்று கொள்ளுங்கள். ‘கெட் த ஃபோன்’ என்றால் அடிக்கும் தொலைபேசியை எடுத்துப் பேசு என்பதும், ‘கெட் த டோர்’ என்றால் கதவைத் திற என்பதும் பொருள். முன்னதைக் கேட்டுத் தொலைபேசியையே தூக்கிக்கொண்டு போய் முகாமையாளரின் கையில் கொடுத்த தம்பி ஒருவர் என் வகுப்பில் இருந்தார். அவரிடம் கதவைப் பற்றி எவரும் சொல்லாதது விடுதியின் அதிர்ஷ்டம்.

அடுத்து நிற்பது இடம் என்றால்: சென்றடைதல். ‘வீ கொட் டு மூதூர் அட் டென்’ என்றால் பத்து மணிக்கு மூதூர் போய்ச் சேர்ந்தோம். இடத்தின் பெயருக்கு முன்னால் ‘டு’ வரும்; ஆனால் ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ ஆகிய மூன்றுக்கும் முன்னால் வராது. ‘கெட் டு ஹோம்’ என்று எழுதியிருந்தால் அந்த ‘டு’வை வெட்டிவிடுங்கள்.

அடுத்து ‘டு’வும் ஒரு வினையும் நின்றால்: வாய்ப்புக் கிடைத்தல். ‘வீ கொட் டு சீ த வேல்ஸ்’ என்று ஒரு பயணி மகிழ்ச்சியோடு சொன்னால், திமிங்கிலங்களைப் பார்க்கக் கிடைத்தது என்கிறார். ‘டு நோ’ என்று வந்தால் மட்டும் வாய்ப்பல்ல. மெல்ல மெல்ல அறிமுகமாகிப் பழகுதல்.

அடுத்து பண்புச்சொல் நின்றால் அறிகுறி 2க்கும், ஆளின் பெயரோ பொருளின் பெயரோ நின்று அதற்கும் அப்பால் இன்னொரு வினை தெரிந்தால் அறிகுறி 4க்கும் செல்லுங்கள்.

இவை எதிலும் விழவில்லையென்றால் இரண்டாவது காரணத்தைப் பாருங்கள். பொருளை மாற்றும் சிறு சொல் உடனடியாக நிற்காமல் வசனத்தின் கடைசியில் போய் ஒளிந்திருக்கலாம். ‘ஹீ குட் நொட் கெட் ஹிஸ் மெசேஜ் அக்ரொஸ்’ என்ற வசனத்தை ‘மெசேஜ்’ வரை வாசித்து நிறுத்தினால் அவருக்குச் செய்தி கிடைக்கவில்லை என்று தலைகீழாக விளங்கும். கடைசியில் உள்ள ‘அக்ரொஸ்’ஐச் சேர்த்தால்தான், சொல்ல வந்ததை அவரால் விளங்கவைக்க முடியவில்லை என்று ஆகும். ஆகவே முற்றுப்புள்ளி வரை வாசிக்காமல் பொருளை முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாவது, ‘ஐ டோன்ட் கெட் இட்’ போன்ற வசனம். இங்கே ‘இட்’ ஒரு பொருளையும் குறிக்கவில்லை. எனக்கு விளங்கவில்லை என்பதே செய்தி. ‘என்ன கிடைக்கவில்லை’ என்று தேடி மேசைக்கு அடியில் பார்க்க வேண்டாம்.

அறிகுறி 2: நீங்கள் சொன்னதைக் கேட்டு வெளிநாட்டவர் ‘எப்போது?’ என்று கேட்கிறார்

கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் காட்டும்போது ஒரு வழிகாட்டி ‘த வாட்டர் கெட்ஸ் ஹொட்’ என்றார். வந்தவர் ‘எத்தனை மணிக்கு?’ என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கேலி எதுவும் இல்லை. பண்புச்சொல்லுக்கு முன்னால் ‘கெட்’ நின்றால் முன்பு இல்லாத நிலை ஒன்று புதிதாக வருகிறது என்று பொருள். ஏழு கிணறுகளிலும் நீர் இயல்பாகவே வெவ்வேறு அளவில் வெதுவெதுப்பாக இருப்பதால் அங்கே ‘இஸ்’ என்பதே போதும்.

சோதனை எளிது. உங்கள் வசனத்தைத் தமிழில் ‘ஆகும்’, ‘ஆனது’ என்று முடித்துப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் என்றால் ‘கெட்ஸ்’. தண்ணீர் சூடாக இருக்கிறது என்றால் ‘இஸ்’. கோட்டைக்குள் திரியும் மான்களைப் படம் எடுக்க ஓடும் பயணியிடம் ‘டோன்ட் கெட் டூ க்ளோஸ்’ என்று சொல்வது சரியானது. அவர் இன்னும் தூரத்தில்தான் நிற்கிறார், நெருங்கப் போகிறார். ஏற்கெனவே மானின் கொம்புக்கு அருகில் நிற்பவரிடம் ‘யூ ஆர் டூ க்ளோஸ்’ என்று சொல்ல வேண்டும்.

அறிகுறி 3: ஏறு, இறங்கு என்று சொன்னால் பயணி வேறெதையோ செய்கிறார்

இந்த ஊரில் மிக அதிகமாகக் காணப்படும் கோளாறு இதுவே; மே முதல் செப்டெம்பர் வரையிலான பருவத்தில் வாரம் ஒருவராவது இதைக் கொண்டுவருவார்.

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் ‘கெட் டவுன்’ என்று சொன்னீர்களா என்பது. புறாத்தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகோட்டி அண்ணா ஒருவர், கரை தட்டியதும் ‘கெட் டவுன், கெட் டவுன்’ என்று உரத்துச் சொல்ல, படகில் இருந்த ஐந்து பேரும் தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்துவிட்டார்கள். அவர் மீண்டும் சத்தமாகச் சொன்னார். அவர்கள் இன்னும் தாழக் குனிந்தார்கள். பிரித்தானியரும் அமெரிக்கரும் அச்சொல்லை அவசரத்தில் கேட்டால், ஏதோ தலைக்கு மேல் வருகிறது, பதுங்கு என்றே எடுத்துக்கொள்வார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குவதை ‘கெட் டவுன்’ என்பது இலங்கையிலும் இந்தியாவிலும் வழங்கும் ஆங்கிலம். நம் பஸ்ஸில் நமக்குள் அது செல்லும், அதைப் பிழை என்று நான் சிவப்பு மையால் வெட்டுவதும் இல்லை. வெளியாரிடம் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னொன்று உண்டு. ‘கொழும்பிலிருந்து எஞ்சின் சாமான் இறக்கினோம்’ என்பதை நாம் ‘வீ கொட் இட் டவுன் ஃப்ரொம் கொலம்போ’ என்கிறோம். இலங்கையர் அனைவருக்கும் இது விளங்கும். வெளிநாட்டவருக்கு எஞ்சின் ஏதோ பரணிலிருந்து கீழே இறக்கப்பட்டதாகவே தோன்றும். ‘வீ ஓர்டர்ட் இட்’ என்றால் இருவருக்கும் விளங்கிவிடும்.

‘டவுன்’ சொல்லவில்லை, ஆயினும் குழப்பம் வருகிறதென்றால், ‘ஒன்–ஒஃப்’ இணையும் ‘இன்–அவுட்’ இணையும் மாறியிருக்கின்றன. அந்த வாகனத்துக்குள் எழுந்து நின்று நாலடி நடக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால், அதாவது பஸ், ரயில், விமானம், கப்பல் என்றால், ஏறுவது ‘கெட் ஒன்’, இறங்குவது ‘கெட் ஒஃப்’. முடியாதென்றால், அதாவது கார், வான், முச்சக்கர வண்டி என்றால், ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஒஃப்’. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை அக்கரைக்குப் போக நாம் பயன்படுத்திய ‘பாதை’, அதாவது வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை, நினைவிருக்கிறதா? அதில் வாகனத்தோடு ஏறி, இறங்கி, உலாவி, கச்சானும் வாங்கித் தின்றோம். ஆகவே அது ‘கெட் ஒன்’. புறாத்தீவுக்குப் போகும் சிறு படகில் எழுந்து நின்றால் படகோட்டி ஏசுவார். ஆகவே அது ‘கெட் இன்’. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் விதிவிலக்கு: நடக்க முடியாவிட்டாலும் மேலே ஏறி அமர்வதால் ‘ஒன்’, ‘ஒஃப்’ என்பனவே வரும்.

ரயிலில் செல்பவருக்குச் சொல்வதானால் ‘கெட் ஒஃப் அட் சீனக்குடா’ என்று நிலையத்தின் பெயருக்கு முன்னால் ‘அட்’ வைத்துவிடுங்கள். அதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

அறிகுறி 4: மற்றவர் செய்ததை நீங்களே செய்ததாகக் கேட்பவர் நினைக்கிறார்

‘நேற்று முடி வெட்டினேன்’ என்று தமிழில் சொன்னால், சலூனில் போய் இருந்து எழும்பி வந்தீர்கள் என்று எல்லோருக்கும் விளங்கும். ‘வீடு கட்டினேன்’ என்பவரிடம் சாந்து குழைத்தீர்களா என்று நாம் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹெயார்’ என்றால் கண்ணாடிக்கு முன்னால் நின்று கத்தரியை நீங்களே பிடித்தீர்கள் என்றாகிவிடும். தமிழ் கேட்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடும் ஒன்றை ஆங்கிலம் ‘கெட்’டைக் கொண்டு வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

முதற்சோதனை: அந்த வேலையை உண்மையில் செய்தவர் யார்? நீங்களே என்றால் ‘கெட்’ வேண்டாம். வேறொருவர் என்றால், அவரைக் குறிப்பிடப் போகிறீர்களா, இல்லையா என்று பாருங்கள்.

அவரைக் குறிப்பிடவில்லை என்றால்: ‘கெட்’, பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். ‘ஐ கொட் மை ஹெயார் கட்’, ‘வீ கொட் த போட் ரிப்பெயர்ட்’. இந்த ஒழுங்கு மாறினால் வசனம் பிழையாகிவிடும். பொருளின் பெயரைக் கடைசிக்குத் தள்ளி ‘வீ கொட் ரிப்பெயர்ட் த போட்’ என்று எழுதும் பழக்கம் என் மாணவரிடையே நிறைய உண்டு.

அவரைக் குறிப்பிடுகிறீர்கள் என்றால்: ‘கெட்’, பிறகு ஆள், பிறகு ‘டு’வுடன் வினை. ‘ஐ கொட் த மெக்கானிக் டு செக் இட்’. இங்கே ‘டு’ கட்டாயம் வேண்டும். இதே கருத்தை ‘மேக்’ அல்லது ‘ஹேவ்’ கொண்டு சொன்னால் ‘டு’ வராது. ‘மேக்’ என்றால் வற்புறுத்திச் செய்வித்தது; ‘ஹேவ்’ என்றால் சொல்லிச் செய்வித்தது; ‘கெட்’ என்றால் பேசி, கேட்டு, சில வேளைகளில் இரண்டு மூன்று முறை நடந்து சம்மதிக்கவைத்துச் செய்வித்தது. மேசன்மாரைக் கையாண்ட எவருக்கும் இந்த மூன்றாவதன் அருமை தெரியும்.

ஒழுங்கு சரியாக இருந்தும் பொருள் விகாரமாகத் தெரிகிறதென்றால், அது நீங்கள் விரும்பிச் செய்வித்ததா, உங்களுக்கு நேர்ந்ததா என்று பாருங்கள். ‘ஷீ கொட் ஹேர் பேக் ஸ்டோலன்’ என்பதன் வடிவம் முடி வெட்டுவித்த வசனத்தின் வடிவமேதான். ஆனால் எவரும் ஆள் வைத்துத் தம் பையைத் திருடுவிப்பதில்லை. பையைப் பறிகொடுத்தார் என்பதே பொருள். வடிவம் இதில் உதவாது. உலக வழக்கே உதவும். ஆயினும் பொலிஸ் முறைப்பாட்டிலும் காப்புறுதிக் கோரிக்கையிலும் இந்த இரட்டைப் பொருளுக்கு இடம் கொடுக்கக் கூடாது; ‘ஹேர் பேக் வொஸ் ஸ்டோலன்’ என்று எழுதுங்கள்.

திருமணத்துக்கும் இதே இடத்தில் ஒரு குறிப்பு. ‘உடன்’ என்பதை மனதில் வைத்து ‘கெட் மேரிட் வித்’ என்று எழுதுகிறோம். அங்கே வர வேண்டியது ‘டு’.

அறிகுறி 5: இறந்தகாலம் தடுமாறுகிறது

‘டிட் யூ கொட்’ என்று எழுதியிருந்தால் காரணம் அவசரம் மட்டுமே. ‘டிட்’ ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டதால் வினை ‘கெட்’ ஆகவே நிற்க வேண்டும்.

‘ஐ ஹேவ் கொட் டூ ரூம்ஸ்’ என்பதை ‘இரண்டு அறைகள் கிடைத்தன’ என்று மொழிபெயர்த்திருந்தால், பார்வைக்கு இறந்தகாலம் போல் இருப்பது உங்களை ஏமாற்றியிருக்கிறது. என்னிடம் இரண்டு அறைகள் இருக்கின்றன என்பதே பொருள். அதன்பின் ‘டு’வும் வினையும் வந்தால் கட்டாயம்: ‘ஐ ஹேவ் கொட் டு கோ’, நான் போயாக வேண்டும். அறிகுறி 1இல் பார்த்த வாய்ப்புக் கிளையோடு இது மோதுவதால், ‘கொட்’டுக்கு முன்னால் ‘ஹேவ்’ இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பேச்சில் அந்த ‘ஹேவ்’ தேய்ந்து ‘கொட்ட கோ’ என்றே காதில் விழும்.

‘கொட்டன்’ என்று எங்காவது கண்டால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம், அது அமெரிக்கரின் மூன்றாம் வடிவம். அவர்களிடம் ‘ஹேவ் கொட்’ என்றால் கையில் இருக்கிறது. ‘ஹேவ் கொட்டன்’ என்றால் கிடைத்திருக்கிறது அல்லது ஆகியிருக்கிறது. நம் பாடசாலைகளில் பிரித்தானிய வழக்கே கற்பிக்கப்படுவதால் பரீட்சையில் ‘கொட்’ என்றே எழுதுங்கள்.

அறிகுறி 6: சொற்கள் எல்லாம் தெரிந்தவை, ஆனால் கடிதம் சொல்வது பிடிபடவில்லை

வேலைக்கு விண்ணப்பித்த ஒருவருக்கு ‘வீ வில் கெட் பேக் டு யூ’ என்று மின்னஞ்சல் வந்தது. ‘பேக்’ என்றால் திரும்ப. ஆகவே சான்றிதழ்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள், வேலை கைநழுவிவிட்டது என்று முடிவுகட்டி அவர் மூன்று நாட்கள் கவலையில் இருந்தார். உண்மையில் அவர்கள் எழுதியது, யோசித்துவிட்டுப் பதில் தருகிறோம் என்பது மட்டுமே. அதில் ஆம் என்பதும் இல்லை, இல்லை என்பதும் இல்லை.

‘கெட்’டும் ஒரு சிறு சொல்லும் சேர்ந்தால் இரண்டையும் தனித்தனியே மொழிபெயர்க்கக் கூடாது. ‘கெட் பை’ என்றால் உள்ளதைக் கொண்டு சமாளித்தல். ‘கெட் ஓவர்’ என்றால் நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ தேறுதல். ‘கெட் எலோங்’ என்றால் ஒத்துப்போதல். ‘கெட் அவே வித்’ என்றால் தப்புச் செய்தும் அகப்படாமல், தண்டனை இல்லாமல் நழுவுதல். ‘கெட் த்ரூ’ தொலைபேசியைப் பற்றிய பேச்சில் வந்தால் இணைப்புக் கிடைத்தல். பரீட்சையைப் பற்றி வந்தால் சித்தியடைதல். கற்போருக்கான அகராதியில் ‘கெட்’டின் பொருள்கள் முடிந்த பிறகு, இப்படிச் சேர்ந்து வருபவை தனியாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும், பலர் அந்தப் பக்கம் வரை போவதில்லை. அங்கே தேடுங்கள்.

‘கெட் யூஸ்ட் டு’ மட்டும் அகராதி பார்த்தும் தகராறு செய்யும். ‘கெட்’ இருந்தால் பழகிக்கொள்ளுதல், அதன்பின் வினை ‘இங்’ முடிவுடன் வரும். ‘கெட்’ இல்லாமல் ‘ஐ யூஸ்ட் டு ஃபிஷ் ஹியர்’ என்றால் முன்பு இங்கே மீன் பிடித்துவந்தேன், இப்போது இல்லை.

அறிகுறி 7: பணிவாகச் சொன்னீர்கள், கேட்டவர் முகம் மாறியது

‘ஐ வில் கெட் யூ அட் சிக்ஸ்’ என்று விருந்தினரிடம் சொல்லியிருந்தால் காரணம் அதுதான். ‘ஐ வில் கெட் யூ’ என்று கேட்டதும், உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் பார் என்ற மிரட்டல் காதில் விழக்கூடும். ஆறு மணிக்கு வந்து அழைத்துப்போவதற்கு ‘ஐ வில் பிக் யூ அப்’ என்று சொல்லுங்கள். முச்சக்கர வண்டியை நிறுத்திவிட்டு ‘கெட் அவுட்’ என்று மட்டும் சொன்னாலும் இதே நிலைதான். இலக்கணம் சரி, ஆனால் தனியே நின்றால் அது ‘வெளியே போ’. ‘யூ கேன் கெட் அவுட் ஹியர்’ என்று மூன்று சொற்களைச் சேர்த்தால் சூடு தணிந்துவிடும்.

மறுதிசையிலும் இது நடக்கும். ‘கேன் ஐ கெட் எ கொஃபி?’ என்று விருந்தினர் கேட்டால், தானே எழுந்து போய் எடுக்கலாமா என்று அனுமதி கேட்கவில்லை. ஒரு கோப்பி தாருங்கள் என்கிறார்.

அறிகுறி 8: விண்ணப்பக் கடிதம் பேச்சு போல் இருக்கிறது என்று திரும்பி வந்தது

கடிதத்தில் எத்தனை ‘கெட்’ இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கடிதம் கிடைத்தது என்ற இடத்தில் ‘ரிசீவ்’, ஆனது என்ற இடத்தில் ‘பிகம்’, முயன்று பெற்றது என்ற இடத்தில் ‘ஒப்டெய்ன்’, வந்து சேர்ந்தது என்ற இடத்தில் ‘அரைவ்’ என்று மாற்றுங்கள். ஆனால் எல்லாவற்றையும் களைந்துவிட வேண்டாம். ஒரு மாணவி அந்த உற்சாகத்தில் தன் அக்கா ‘ஒப்டெய்ன்ட் மேரிட்’ என்று எழுதிவந்தார்.

எப்போது இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும்

அகராதியின் அந்தக் கடைசிப் பக்கம் வரை போயும் ஒரே வசனம் இரண்டு விதமாகவே விளங்குகிறதென்றால், அதை ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். பத்து நிமிட வேலைக்கு ஒரு முழுப் பாடநெறிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. எழுத்தில் விளங்குவது காதில் மட்டும் விளங்கவில்லையென்றால் அது ‘கெட்’டின் கோளாறு அல்ல, கேட்டல் பயிற்சியின் குறை, அதற்கு ஒருவரோடு வாரக்கணக்கில் பேசிப் பழகுவதே வழி, அதற்குச் செலவும் உண்டு.

வேலை ஒப்பந்தம், காணி உறுதி, காப்புறுதி, விசா, வழக்கு ஆகியவற்றில் இந்தச் சொல் வந்து உங்களுக்கு ஐயம் தோன்றினால், என்னிடமும் கொண்டுவர வேண்டாம். கட்டணம் கூடினாலும் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடமோ சட்டத்தரணியிடமோ செல்லுங்கள். யாரிடம் போனாலும் முழு வசனத்தையும், அதற்கு முந்திய வசனத்தையும் சேர்த்தே கொண்டுபோங்கள். ‘சேர், கெட் என்றால் என்ன?’ என்று மட்டும் கைத்தொலைபேசியில் செய்தி அனுப்புவோருக்கு நான் இன்றுவரை அனுப்பும் பதில் ஒன்றுதான்: ‘அதற்கு அடுத்த சொல் என்ன?’